சைரன் யார் காதில் விழ வேண்டும்?



இறுதியாண்டு புராஜெக்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. எந்தக் கல்லூரியை எடுத்தாலும் ஒரு குழுவாவது ‘வெள்ள எச்சரிக்கைக் கருவி’ என்று தலைப்பு கொடுத்திருக்கும். ஆற்றங்கரையில் ஒரு அல்ட்ராசானிக் சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல். தண்ணி மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினா ஊருக்கு எஸ்எம்எஸ் போயிடும். லேபில் வாளித் தண்ணியை வெச்சு டெமோ காட்டினா பக்காவா வேலை செய்யும். ரிவ்யூவில் நல்ல மார்க்கும் விழும்.

இப்போ ஒரு சின்னக் கேள்வி. அந்த எஸ்எம்எஸ் யாருடைய போனுக்குப் போகுது?

வீட்டில் இருப்பது ஒரே போன். அது காலையிலேயே வேலைக்குக் கிளம்பிய அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டில் பாட்டி, அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகள். ‘மெசேஜ் டெலிவர்ட்’ என்று உங்கள் திரை காட்டும். ஆனால் தண்ணீர் நுழையப்போகிற வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

கருவி சரியாகத்தான் வேலை செய்தது. திட்டம்தான் தோற்றது. ஏன்னா, திட்டம் போட்ட மேஜையில் அந்த அம்மா உட்காரவில்லை.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரு நாட்டுக்கு ஐம்பது வருஷம் ஆனது. அந்த நாடு வங்கதேசம். இந்த இதழில் அந்தப் பாடத்தைத்தான் படிக்கப் போகிறோம்.

முதலில் இரண்டு சொற்கள்

காலநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது அடிக்கடி வருகிற சொற்கள் இரண்டு. ஒன்று தணிப்பு: கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைப்பது. சோலார், காற்றாலை, மின்வாகனம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இன்னொன்று தகவமைப்பு: ஏற்கெனவே வந்துவிட்ட, இனி தவிர்க்க முடியாத மாற்றங்களோடு பிழைத்து வாழ நம்மைத் தயார் செய்துகொள்வது. கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையம் கட்டுவது, உப்பு தாங்கும் நெல் விதைப்பது, வடிகாலைச் சீர்செய்வது இந்த வகை.

தணிப்புக்கு ஒரே அளவுகோல் போதும். சென்னையில் குறைத்த ஒரு டன் கார்பனும் சிகாகோவில் குறைத்த ஒரு டன்னும் ஒண்ணுதான். தகவமைப்பு அப்படி இல்லை. ஒரு தெருவுக்குச் சரிவரும் தீர்வு அடுத்த தெருவுக்குச் சரிவராது. மேட்டில் இருப்பவருக்கு வருகிற பிரச்சினை வேறு, பள்ளத்தில் இருப்பவருக்கு வேறு. அதனால் தகவமைப்புத் திட்டம் என்பது அந்த இடத்து ஆட்களோடு உட்கார்ந்து போட வேண்டிய திட்டம். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவே தகவமைப்பு என்பது மக்கள் பங்கேற்போடும், பாலினச் சமத்துவத்தைக் கருத்தில் கொண்டும், அறிவியலோடு மரபு அறிவையும் சேர்த்தும் நடக்க வேண்டும் என்கிறது.

‘ஊரே முன்னின்று செய்யும் தகவமைப்பு’ என்ற கருத்தை உலக மேடைகளில் விடாமல் பேசியவர்களில் முக்கியமானவர் வங்கதேச விஞ்ஞானி சலீமுல் ஹக் (1952–2023). இந்தத் துறைக்கான முதல் சர்வதேச மாநாடு 2005இல் டாக்காவில்தான் நடந்தது. அந்த ஊருக்கு அது பொருத்தமும்கூட. அங்கே இது வெறும் கருத்து இல்லை, அனுபவம்.

1970: தெரிந்திருந்தும் நகராத மக்கள்

1970 நவம்பர் 12 இரவு. அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் போலா தீவுப் பகுதியைப் புயல் தாக்கியது. கடல் பொங்கித் தாழ்வான தீவுகளுக்கு மேலாக ஓடியது. இறந்தவர்கள் 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்று மதிப்பிடப்படுகிறது. பதிவான வரலாற்றில் இவ்வளவு உயிரைக் குடித்த வேறு புயல் இல்லை.

‘பாவம், தகவலே போகவில்லை போல’ என்று நினைப்பீர்கள். ஆனால் பிறகு நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. அந்தப் பகுதியில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குப் புயல் வருவது தெரிந்திருந்தது. கெட்டியான கட்டிடங்களில் தஞ்சம் புகுந்தவர்கள் சுமார் 1 சதவீதம்தான்.

எலெக்ட்ரானிக்ஸ் பாஷையில் சொன்னால் சிக்னல் ரிசீவர் வரைக்கும் போயிருக்கிறது. அவுட்புட் மட்டும் பூஜ்யம். ‘புயல் வருது’ என்பது ஒரு தகவல். ‘நீ இப்போ, இந்த வழியா, அந்தக் கட்டிடத்துக்குப் போ, உன் மாட்டை இங்கே கட்டு’ என்பதுதான் எச்சரிக்கை. அந்தக் காலத்து அபாய எண்கள் துறைமுகங்களையும் கப்பல்களையும் மனதில் வைத்து உருவானவை. குடிசையில் இருக்கிற ஒருவருக்கு ‘அபாய எண் 8’ என்பதில் என்ன புரியும்?

இந்தப் பேரழிவுக்குப் பிறகு, நாடு விடுதலை பெற்ற கையோடு, 1972இல் புயல் தயார்நிலைத் திட்டம் தொடங்கியது. செஞ்சிலுவை அமைப்பும் (பின்னாளில் வங்கதேச செம்பிறைச் சங்கம்) அரசும் சேர்ந்து நடத்துகிற திட்டம். அதன் முதுகெலும்பு அதிகாரிகள் இல்லை, அந்தந்த ஊரின் தன்னார்வலர்கள். கையில் மெகாஃபோன், கைச்சைரன், கொடிகள். அபாயம் கூடக் கூடக் கொடிகளின் எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும். படிக்கத் தெரியாதவருக்கும் மூன்று கொடி பறந்தால் அர்த்தம் புரியும். எளிமையான, செலவு குறைந்த, நல்ல டிசைன்.

ஆனாலும் பாடம் முடியவில்லை.

1991: சைரன் கேட்டது, கால் நகரவில்லை

1991 ஏப்ரல் 29. சிட்டகாங் கடற்கரையில் இன்னொரு பெரும்புயல். இந்த முறை தன்னார்வலர்கள் இருந்தார்கள், எச்சரிக்கையும் போனது. இருந்தும் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

ஒரு முக்கியக் காரணம், பாதுகாப்பு மையங்கள் தேவைக்கு மிகக் குறைவாக இருந்தன. புயலுக்குப் பிறகு நடந்த கணக்கெடுப்பில், கான்கிரீட் அல்லது செங்கல் கட்டிடத்தை எட்ட முடியாதவர்களில் கிட்டத்தட்ட 22 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். எட்டிய அனைவருமே பிழைத்திருந்தார்கள். ஆக, பிழைப்பதா சாவதா என்பதைத் தீர்மானித்தது அந்தச் சில நூறு மீட்டர் தூரம்தான்.

அந்தத் தூரத்தை யாரால் கடக்க முடிந்தது? அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஒரு கணக்கு இது. 20 முதல் 44 வயது வரை உள்ளவர்களில், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தார்கள். அதே வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர்.

ஒரே புயல், ஒரே அலை, ஒரே வயது. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? அலை ஆளைப் பார்த்தா அடிக்கிறது?

காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்தையிலும் டீக்கடையிலும் ஆண்கள் ஆண்களுக்குச் சொன்ன எச்சரிக்கை, வீட்டு வாசல் தாண்டி உள்ளே போகவில்லை. வீட்டுக்காரர் வந்து சொல்லாமல் கிளம்பினால் தப்பாகிவிடுமோ என்று பெண்கள் காத்திருந்தார்கள். குழந்தைகள், முதியவர்கள், ஆடு மாடு என எல்லாருடைய பொறுப்பும் அவர்கள் தலையில். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் வழக்கம் குறைவு. தண்ணீரில் நனைந்த சேலை காலைச் சுற்றும். மையத்துக்குப் போனாலும் தனி அறை இல்லை, தனிக் கழிப்பறை இல்லை. அந்நிய ஆண்கள் கூட்டத்தில் இரவு முழுக்க நிற்கணும். ‘அங்கே போறதுக்கு வீட்டிலேயே இருந்துக்கலாம்’ என்று ஒரு பெண் முடிவெடுத்தால், அதை அறியாமை என்று சொல்லிவிட முடியுமா? அந்தக் கட்டிடம் அவளுக்காக வடிவமைக்கப்படவில்லை என்பதுதான் உண்மை.

இந்தப் பட்டியலில் ஒன்றாவது சாட்டிலைட் படத்தில் தெரியுமா? காற்றின் வேகத்தைக் கணக்கிடும் கணினி மாதிரியில் வருமா? வராது. ஆனால் அந்த ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் பத்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நம் கடற்கரைக்கும் இது புதுசு இல்லை. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005இல் பதிவு செய்தது. மீனவ ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்த நேரம். பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பது எப்போதும் உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு.

டிசைன் மாறியது

வங்கதேசம் செய்த மாற்றங்களை ஒரு டிசைன் ரிவிஷன் மாதிரி படிக்கலாம்.

கட்டிடம்: புதிய மையங்கள் பல்நோக்குக் கட்டிடங்களாக வந்தன. சாதாரண நாளில் பள்ளிக்கூடம், புயல் நாளில் தஞ்சம். கீழ்த்தளம் தூண்கள் மட்டும். அலை வந்தால் சுவரில் மோதாமல் ஊடே ஓடிவிடும். பள்ளிக்கூடம் என்பதால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது ஏற்கெனவே தெரிந்த இடம். பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை வேண்டும் என்பதும் வடிவமைப்பில் இடம்பிடித்தது.

கால்நடை: மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பவரைத் திட்டிப் பயனில்லை. அந்த மாடுதான் அந்தக் குடும்பத்தின் பேங்க் பேலன்ஸ். அதனால் ‘கில்லா’ எனப்படும் உயரமான மண்மேடுகள் கால்நடைக்கும் இடம் கொடுத்தன.

ஆட்கள்: இதுதான் பெரிய மாற்றம். தொடக்கத்தில் தன்னார்வலர் குழுக்கள் ஆண்கள் மட்டும். பிறகு ஒரு குழுவில் 15 பேர், அதில் 5 பேர் பெண்கள் என்றானது. இப்போது ஒரு குழுவுக்கு 20 பேர், 10 ஆண், 10 பெண். எச்சரிக்கை, தஞ்சம், மீட்பு, முதலுதவி என்று வேலைகளைப் பிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மொத்தம் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், சரிபாதி பெண்கள். ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்குள்ளேயே போய்ப் பேச முடியும். ‘அக்கா, பாட்டியை நான் பிடிச்சுக்கிறேன், நீங்க குழந்தையைத் தூக்குங்க’ என்று சொல்லிக் கூட்டி வர முடியும். மெகாஃபோனால் முடியாத வேலை இது.

பலன்? 2007 நவம்பரில் வந்த சித்ர் புயலும் கடுமையானதுதான். இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்குக்கு நடுவில் ஆம்பன் வந்தது. இடைவெளி விட்டு உட்கார வைக்கணும் என்பதால் கூடுதல் பள்ளிகளைத் திறந்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடம் மாற்றினார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 26 பேர்.

வானிலைக் கணிப்பு முன்னேறியதும், ரோடும் செல்போனும் வந்ததும் இதற்குக் காரணம்தான். மறுக்க முடியாது. ஆனால் கணிப்பை ஒரு வீட்டின் வாசலுக்குள் கொண்டுபோய் ஆளை எழுப்பி நடக்க வைத்தது அந்த ஊர்க்காரர்கள்தான்.

அது போதுமா என்றால், போதாது. கடல் மட்டம் உயர உயர, அதே வலிமையுள்ள புயலின் அலைகூட முன்பைவிட உள்ளே வரும். வெப்பமான கடல் புயலுக்குக் கூடுதல் தீனி போடும். பழைய புயலுக்குப் போட்ட திட்டத்தைப் புதிய புயலுக்கு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. திரும்பத் திரும்ப ஊரோடு உட்கார்ந்து திருத்தணும்.

கரையை வெட்டிய ஊர்

இதுவரை பார்த்தது அரசும் ஊரும் சேர்ந்து செய்தது. இப்போ ஒரு சிவில் இன்ஜினியரிங் கதை. இதில் இன்ஜினியர்களுக்கே ஊர் பாடம் எடுத்தது.

தென்மேற்கு வங்கதேசம், குல்னா–ஜெசோர் பகுதி. 1960களிலிருந்து கடலோர நிலத்தை உப்புத் தண்ணீரிலிருந்து காக்க வெளிநாட்டு உதவியோடு பெரிய கரைகள் கட்டினார்கள். கரை சூழ்ந்த இந்த நிலத்துண்டுகளுக்குப் போல்டர் என்று பெயர். கடலோரம் முழுக்க 139 போல்டர்கள். முதல் சில வருஷம் விளைச்சல் அமோகம். எண்பதுகளில் வயல்களில் மழைத்தண்ணி வடியாமல் வருஷக்கணக்கில் தேங்கி நின்றது.

ஏன்? கடல் ஏற்றத்தின்போது ஆற்றில் ஏறி வரும் தண்ணீர் வண்டலையும் கொண்டுவரும். முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் ‘பீல்’ என்கிற பள்ள நிலங்களில் பரவி, வண்டலை அங்கே போட்டுவிட்டுத் திரும்பும். நிலம் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். கரை கட்டியதும் வண்டலுக்குப் போக்கிடம் இல்லை, ஆற்றுக்குள்ளேயே படிந்தது. ஆற்றுப் படுகை உயர்ந்தது, உள்ளே நிலம் தாழ்ந்தே கிடந்தது. கிண்ணத்தில் விழுந்த மழை எங்கே ஓடும்?

ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரியும். ஜமீன்தார் காலத்தில் அங்கே ‘எட்டு மாதக் கரை’ என்று ஒரு வழக்கம் இருந்தது. எட்டு மாதம் தற்காலிகக் கரை போட்டு உப்பைத் தடுத்துப் பயிர் செய்வார்கள். மீதி மாதங்கள் திறந்துவிட்டு வண்டலை உள்ளே அழைப்பார்கள். ‘கரையைத் திறங்க’ என்று மக்கள் கேட்டார்கள். அலுவலகங்கள் கேட்கவில்லை. 1990இல் டகாட்டியா பீலிலும், 1997இல் பைனா பீலிலும் மக்களே மண்வெட்டி எடுத்துக் கரையை வெட்டினார்கள். சட்டப்படி அது குற்றம்.

பைனா பீலில் நாலே வருஷத்தில் நடந்ததைப் பாருங்கள். வெட்டிய வாய் வழியாகத் தண்ணீர் தினமும் ஏறி இறங்கியது. வெட்டிய இடத்துக்கு அருகே நிலம் ஒரு மீட்டருக்கும் மேலாக உயர்ந்தது. திரும்பும் நீரின் வேகத்தில் ஹரி ஆறு தன்னைத்தானே தூர்வாரிக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் தேங்கிய நீர் வடிந்தது. பிறகு வல்லுநர்கள் இதை ஆராய்ந்து, ‘கடல் ஏற்ற ஆற்று மேலாண்மை’ என்று பெயர் வைத்து அரசுத் திட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். கடல் மட்டம் உயர்கிற காலத்தில், நிலத்தையும் கூடவே உயர்த்துகிற ஒரு முறை! உலகம் முழுக்க டெல்டா ஆராய்ச்சியாளர்கள் இன்று இதைப் படிக்கிறார்கள்.

‘ஊர்’ என்பது ஒரே ஆள் இல்லை

இங்கே ‘மக்கள் ஜெயிச்சாங்க’ என்று கதையை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பாடத்தின் கஷ்டமான பகுதி இனிமேல்தான்.

பீலைத் திறந்தால் அதற்குள் நிலம் வைத்திருப்பவருக்குச் சில வருஷம் விளைச்சல் இல்லை. லாபம் சுற்றுவட்டாரம் முழுவதற்கும், நஷ்டம் உள்ளே இருப்பவருக்கு. பிறகு வேறு பீல்களில் இதே முறையை அரசு கொண்டுபோனபோது, இழப்பீடு ஒழுங்காகக் கிடைக்காது என்று அஞ்சிய விவசாயிகள் எதிர்த்தார்கள். நிலமே இல்லாத கூலித் தொழிலாளிக்கு இழப்பீட்டுப் பட்டியலில் பெயரே வராது. பட்டா கணவன் பெயரில் இருந்தால் மனைவியின் கையெழுத்து யாருக்கும் தேவைப்படாது.

ஆக, ‘ஊரைக் கேட்டுத்தான் செஞ்சோம்’ என்று யாராவது சொன்னால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது: ஊரில் யாரை? கூட்டத்துக்கு 200 பேர் வந்தார்கள் என்பது வெறும் எண்ணிக்கை. அதில் பேசியது யார், சொன்னது நோட்டில் ஏறியதா, பணம் ஒதுக்கும்போது அந்த வரி இருந்ததா என்பதுதான் பங்கேற்பு.

2021 ஜனவரியில் வெளியான, உள்ளூர் முன்னின்று செய்யும் தகவமைப்புக்கான எட்டு நெறிகளில் முதல் மூன்றும் இதையே சொல்கின்றன. முடிவெடுக்கும் அதிகாரத்தை முடிந்த அளவு கீழ்மட்டத்துக்குக் கொண்டு போ. பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகள், ஒதுக்கப்பட்டோர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய். நம்பி இருக்கக்கூடிய, பொறுமையான நிதியைக் கொடு. கருத்து மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்தையும் காசையும் மேலேயே வைத்துக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது.

இளைஞர்கள் எங்கே வருகிறார்கள்?

பொதுவாக நம்மை எதற்குக் கூப்பிடுவார்கள்? மரம் நட, பேரணி போக, பேனர் பிடிக்க. திட்டம் போடக் கூப்பிடுவது அபூர்வம்.

முகமது ரெஸ்வான் என்ற கட்டிடக்கலை மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். வடமேற்கு வங்கதேசத்தில் சலன் பீல் பகுதியைச் சேர்ந்தவர். மழைக்காலம் வந்தால் அங்கே பள்ளிக்கூடங்கள் மூழ்கும், பிள்ளைகளின் படிப்பு நிற்கும். பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றால் பெரும்பாலும் நின்றதுதான். படிப்பை முடித்த கையோடு, 1998இல், சொந்தச் சேமிப்பு 500 டாலரை வைத்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். ‘பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி அவர்களிடம் போகட்டும்’ என்பது யோசனை. 2002இல் முதல் படகுப் பள்ளி மிதந்தது. உள்ளூர்ப் படகு வடிவம், உள்ளூர்த் தச்சர்கள், கூரையில் சோலார். படகே ஸ்கூல் பஸ், படகே வகுப்பறை. பிறகு படகு நூலகம், படகு மருத்துவமனை, மிதக்கும் தோட்டம் என்று விரிந்தது.

இதில் புதுத் தொழில்நுட்பம் என்று எதுவும் இல்லை. படகு அந்த ஊருடையது, வெள்ளம் அந்த ஊருடையது. நடுவில் ஒரு இளைஞர் இரண்டையும் சேர்த்து வேறு மாதிரி யோசித்தார். சொந்த ஊரைத் தெரிந்த, படிப்பும் உள்ள ஆள் என்பதுதான் இளைஞரின் பலம்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவர் கிராமம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய ஊர்த் தகவல் மையத்தில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் காலியானது. படகுகள் போயின, 3,600க்கும் மேற்பட்ட அந்த ஊர் மக்கள் பிழைத்தார்கள். அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்தது இல்லை. ஊருக்குப் பழக்கமான குரலாக முன்பே இருந்தது, அதனால்தான் அன்றைக்கு அதை நம்பி ஓடினார்கள். ஆபத்து நாளுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கிற கருவி, ஆபத்து நாளில் வேலை செய்யாது.

செய்முறை: ஊரோடு உட்காருவது எப்படி?

என்எஸ்எஸ் சிறப்பு முகாமுக்கு ஏழு நாள் ஒரு கிராமத்துக்குப் போவோம் இல்லையா? அல்லது உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் உங்கள் கல்லூரி கிராமங்களைத் தத்தெடுத்திருக்கலாம். அங்கே இதைச் செய்து பாருங்கள். லேப்டாப் வேண்டாம். சாக்பீஸ், கோலமாவு, புளியங்கொட்டை போதும்.

1. மூன்று குழு, மூன்று வரைபடம். ஆண்கள், பெண்கள், இளைஞர்கள் தனித்தனியாகத் தரையில் ஊரை வரையட்டும். தண்ணி எதுவரை வந்தது, எந்த வழி முதலில் துண்டாகும் என்று குறிக்கட்டும். பிறகு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்கள் வரைந்ததில் ரோடும் மோட்டார் செட்டும் பெரிசாக இருக்கலாம். பெண்கள் வரைந்ததில் குடிதண்ணிக் குழாயும் இருட்டான சந்தும் இருக்கலாம். வித்தியாசம் எங்கேயோ, அங்கேதான் உங்களுக்குத் தகவல்.

2. இருபத்து நாலு மணி நேரக் கடிகாரம். யார் எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறார், போன் யாரிடம் இருக்கிறது என்று ஒரு வட்டத்தில் எழுதுங்கள். பகல் வெள்ளத்துக்கும் இரவு வெள்ளத்துக்கும் திட்டம் ஏன் வேறு என்பது தானாகப் புரியும்.

3. பருவ நாட்காட்டி. மழை, வேலை, கடன், காய்ச்சல், பள்ளிக்கூடம் என எல்லாவற்றையும் மாதவாரியாகக் குறியுங்கள். ‘முன்னே எப்படி, இப்போ எப்படி?’ என்று கேளுங்கள். காலநிலை மாற்றம் என்ற வார்த்தையையே சொல்லாமல் காலநிலை மாற்றம் வெளியே வரும்.

4. ஊர் நடை. மேட்டிலிருந்து பள்ளம் வரை நடந்து பாருங்கள். கூட ஒரு பாட்டி, ஒரு பள்ளி மாணவி, சக்கர நாற்காலியில் வரும் ஒருவர். ‘ஐந்து நிமிஷ தூரம்’ என்று நீங்கள் எழுதியது அவர்களுக்கு எவ்வளவு நேரம் என்று வாட்ச்சில் பாருங்கள்.

5. புளியங்கொட்டை ஓட்டு. வந்த யோசனைகளுக்குத் தலைக்குப் பத்துக் கொட்டை கொடுத்துப் போடச் சொல்லுங்கள். ஆண்களுக்கு ஒரு நிறத் தாள், பெண்களுக்கு ஒரு நிறத் தாள் விரித்து வையுங்கள். மொத்தத்தை மட்டும் கூட்டினால் யார் விருப்பம் எது என்பது மறைந்துபோகும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கூட்ட நேரம். காலை பத்து மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போனவர்கள் வரமாட்டார்கள். மாலை ஆறு மணிக்கு வைத்தால் அடுப்பு வேலை. நேரத்தை அவர்களே சொல்லட்டும். இடமும் அப்படித்தான்: ஊரில் எல்லாரும் தயங்காமல் வரக்கூடிய இடமா என்று பாருங்கள். இரண்டு, படம் எடுத்து ரிப்போர்ட் போட்டுக் கிளம்பிவிடாதீர்கள். வரைபடத்தின் ஒரு பிரதி ஊரிலேயே இருக்கணும்.

அப்புறம் அது எங்கே போகணும்? கிராம சபைக்கு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எவரும் பேசலாம். 18 வயது முடிந்த நீங்களும் உங்கள் சொந்த ஊரில் பேசலாம். அங்கே தீர்மானமாகி, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் ஒரு வரியாக ஏறினால்தான் புளியங்கொட்டைக்கு மதிப்பு.

மறுபடியும் அந்த புராஜெக்ட்

சென்சாரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நன்றாகவே செய்யுங்கள். ஆனால் பிளாக் டயகிராமில் ‘எஸ்எம்எஸ்’ என்ற பெட்டியோடு அம்புக்குறியை நிறுத்தாதீர்கள். அதற்கு அப்புறம் இன்னும் சில பெட்டிகள் இருக்கின்றன. போன் யார் கையில்? அவர் யாருக்குச் சொல்வார்? கிளம்பு என்று முடிவெடுக்க அந்த வீட்டில் யாருக்கு உரிமை? பாட்டியை யார் தூக்குவார்? போகிற இடத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?

இதில் ஒரு பெட்டி உடைந்தாலும் சிஸ்டம் ஃபெயில். 1970இலும் 1991இலும் உடைந்தது இந்தப் பெட்டிகள்தான்.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கருவி யாருக்காகவோ, அந்தத் தெருவுக்கு ஒருநாள் போங்கள். வீட்டில் இருக்கிற ஒரு அம்மாவிடம், ‘போன தடவை தண்ணி வந்தப்போ உங்களுக்கு யார் சொன்னா? என்ன செஞ்சீங்க?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நாம பேசாமல் இருக்கணும். அவர் சொல்வதை அப்படியே எழுதி, டிசைனின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அங்கிருந்து ஆரம்பித்தால் போதும். சர்க்யூட்டை அப்புறம் பார்த்துக்கலாம்.